மழைக்கு முன் ஸ்போர்ட்ஸ் கார் டயர் வாங்குவது எப்படி: பட்டவன் சொல்கிறேன்

போன அக்டோபரில், சென்னையில் மழை பிடித்த மூன்றாம் நாள், கோவளம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் என் கார் கொஞ்ச தூரம் படகாகப் போனது. வேகம் 80தான். ஓரத்தில் தேங்கிய தண்ணீர் பாதி சாலைவரை பரவியிருந்தது. ஸ்டீயரிங் கையில் எடையே இல்லாமல் ஆனது; மூச்சு விடுவதற்குள் பின்பக்கம் இடதுபுறமாக விலகியது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அன்றைக்கு என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

கார், நாலு மாதம் முன்பு வாங்கிய செகண்ட் ஹேண்ட். ஜெர்மன் தயாரிப்பு, இரண்டே சீட், பின்சக்கர ஓட்டம். விற்றவர், "டயர் எல்லாம் எண்பது பர்சென்ட் இருக்கு சார்" என்றார். நின்றபடி பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. மறுநாள் பஞ்சர் கடையில் ஜாக்கி போட்டுத் தூக்கிய பையன், "சார், உள்பக்கம் குனிஞ்சு பாருங்க" என்றான். பின்சக்கரங்களின் உள்ளோரம் மொட்டை. விரலால் தடவினால் வழுவழுவென்று இருந்தது.

அதற்குப் பிறகு சரியான டயர் கிடைக்க ஏழு வாரம் ஆனது. அளவு கிடைக்கவில்லை, கிடைத்தது பழைய சரக்கு, மாட்டியதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன். எல்லாம் முடிந்தபோது மழையும் ஏறக்குறைய முடிந்திருந்தது. நீங்கள் அந்த ஏழு வாரத்தை அலையாமல் இருக்கத்தான் இது. இரண்டு சீட்டர், பவர் அதிகமுள்ள செடான், வேகமான ஹேட்ச்பேக் என்று எது வைத்திருந்தாலும் பொருந்தும்.

1. கடைக்குப் போகும் முன் காரின் அடியில் படுங்கள்

பழைய டயரே போதுமா, மாற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஆழம். புது டயரில் ட்ரெட், அதாவது தரையைத் தொடும் பகுதியின் பள்ளம் 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி நம் நாட்டில் காருக்கு 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் ஆங்காங்கே தெரியும் சின்ன மேடுகள் அந்த எல்லையைக் காட்டுபவை. ஆனால் அது வறண்ட சாலையிலும் போலீஸிடமும் தப்பிக்கும் எல்லை. தேங்கிய நீரைத் தள்ள அது போதாது. அகல டயர் போட்ட காருக்கு 3 மி.மீ. வந்ததும் மழைக்கு அது முடிந்த டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் அளக்கும் கேஜ் இருநூறு முந்நூறு ரூபாய்தான். கண்ணளவை நம்பாதீர்கள்.

உள்ளோரம். என்னை ஏமாற்றியது இதுதான். ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரத்தின் தலைப்பகுதி லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும். நெகட்டிவ் கேம்பர் என்பார்கள். வளைவில் பிடிப்பு கிடைக்க வைத்த சாய்வு. நேர்சாலையில் உள்ளோரத்தை அதுவே தின்றுவிடும். சக்கரங்கள் நிற்கும் கோணம், அதாவது அலைன்மென்டும் கெட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியோரம் 5 மி.மீ. காட்டும்போது உள்ளோரம் பூஜ்யமாக இருக்கலாம். ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். மூன்றில் குறைந்ததுதான் உங்கள் டயரின் ஆழம்.

வயது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அது உள்பக்கம் போயிருந்தால் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் கார்களில் ட்ரெட் நிறைய இருக்கும், ரப்பர் கட்டையாகிப் போயிருக்கும். அதுவும் நம் வெயிலில். ஐந்து வருடம் தாண்டினால் வருடாவருடம் நல்ல கடையில் காட்டுங்கள் என்பது பொதுவான அறிவுரை. மழையில் வேகமாக ஓட்டுகிற ஆள் என்றால் ஆறாவது வருடத்துக்குக் காத்திருக்காதீர்கள் என்பேன் நான்.

2. அளவை ஒரு தாளில் எழுதுங்கள்

"சார், பதினெட்டு இன்ச் தானே?" என்று கடைக்காரர் கேட்டால் "ஆமாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தினேன்; வந்தது வேறு அளவு.

என் காரில் முன்சக்கரம் 225/40 ஆர்18 92ஒய். பின்சக்கரம் 255/35 ஆர்18 94ஒய். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 92 என்றால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும். 94 என்றால் 670. கடைசி எழுத்து வேக எல்லை: வி 240 கி.மீ., டபிள்யூ 270, ஒய் 300.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 225-இல் 40 சதவீதம் 90 மி.மீ.; 255-இல் 35 சதவீதம் 89 மி.மீ. அகலம் வேறானாலும் முன்னும் பின்னும் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றே. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ்., வழுக்கிச் சுழலாமல் பார்க்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் எல்லாம் இந்தச் சமத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. "பின்னாடிக்கு 255/40 இருக்கு சார், ஒண்ணும் ஆகாது, இன்னும் நல்லா கிராண்டா தெரியும்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். பக்கச் சுவர் 102 மி.மீ. ஆகிவிடும். ஒண்ணும் ஆகாமல் இருக்காது.

தாளில் இன்னும் இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, உங்கள் டயர் ரன்ஃபிளாட்டா என்பது. காற்றில்லாமலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய, சுவர் தடித்த டயர் அது. அப்படியானால் உங்கள் காரில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. சாதா டயருக்கு மாறலாம், சவாரி மென்மையாகும். ஆனால் பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் நிரந்தரமாக இருக்க வேண்டும். இரண்டு, கார் கம்பெனியின் தனி முத்திரை. பி.எம்.டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்.ஓ., ஆடிக்கு ஏ.ஓ., போர்ஷேவுக்கு என் எழுத்தும் ஒரு எண்ணும். இந்தக் குறி இருந்தால்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தால் நம்மூரில் டயரே கிடைக்காமல் போகலாம். குறி இல்லாத அதே மாடல் மோசமில்லை. நான்கிலும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம்.

டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில கார்களுக்குக் கம்பெனியே இரண்டு அளவு அனுமதித்திருக்கும், 18 அங்குலமும் 17 அங்குலமும். இரண்டும் எழுதியிருந்து, 17 அங்குல ரிம் பிரேக்கை இடிக்காமல் உட்காரும் என்றால், மழைக்கு 17-ஐயே எடுங்கள். சுவர் உயரம் கூடும், குழிக்குத் தாங்கும், விலை குறையும், ஸ்டாக்கும் கிடைக்கும். அழகு கொஞ்சம் போகும். மழையில் யார் பார்க்கப் போகிறார்கள்?

3. எந்த வகை என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்

அகலமான டயர் என்றால் அதிகப் பிடிப்பு என்று மனதில் பதிந்திருக்கும். வறண்ட சாலையில் சரி. தேங்கிய நீரில் நேரெதிர். ஒரே எடையை அகலமான பரப்பில் பரப்பினால் நீரை அழுத்தி வெளியேற்றும் வலு குறையும். தள்ள வேண்டிய நீரோ அதிகம். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். டயர் தரையைத் தொடும் நீளம் சுமார் 15 செ.மீ. என்றால், அந்த இடத்து நீரை வெளியேற்ற டயருக்குக் கிடைப்பது நொடியில் 150-இல் ஒரு பங்கு. அதற்குள் வெளியேறாத நீர்மேல் டயர் ஏறிவிடும். அக்வாபிளேனிங் என்பது இதுதான். ஏறியபின் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வெறும் பொம்மை.

ஆக, ட்ரெட்டில் முதலில் பார்க்க வேண்டியது சுற்றிவர ஓடும் நேர்ப்பள்ளங்கள். மூன்று அல்லது நான்கு, அகலமாக, ஆழமாக. அவற்றிலிருந்து ஓரத்துக்கு நீரை எடுத்துச் செல்லும் குறுக்குக் கால்வாய்கள். வீட்டு மாடியில் மழைநீர்க் குழாய் எத்தனை, எவ்வளவு பெரிசு என்று பார்ப்பதுபோலப் பாருங்கள்.

கடையில் உங்கள் முன் மூன்று ரகம் வரும்.

ட்ராக் டயர், அதாவது பாதி ரேஸ் டயர். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்றவை. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் சூடேற்றி ஓட்டுவதற்கு அருமை. பள்ளம் குறைவு, ரப்பர் சூடானால்தான் ஒட்டும். மழைச் சாலை அதைச் சூடாகவே விடாது. நவம்பர் மாதத்துச் சென்னைக்கு இதை வாங்குவது, ஐப்பசி அடைமழையில் பட்டுவேட்டியோடு நடப்பது மாதிரி.

அடுத்தது உயர்திறன் கோடைக்கால டயர். பெயரில் கோடை இருப்பதால் மிரளாதீர்கள். பனி பெய்யும் நாடுகளில் குளிர்கால டயர் தனியாக இருப்பதால் வந்த பெயர் அது. சூடான மழைக்கு இதுதான் சரியான ரகம். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ், பைலட் ஸ்போர்ட் 5, கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் எம்.சி.7, குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் வரிசை, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட், யோகோஹாமா அட்வான் ஸ்போர்ட், அப்போலோ விற்கும் வ்ரெடெஸ்டைன் அல்ட்ராக் வரிசை எல்லாம் இந்தக் கூட்டம். ரப்பரில் சிலிக்கா கலந்திருப்பதால் ஈரத்தில் பிடிப்பு நன்றாக இருக்கும். உங்கள் காருக்கு இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, டூரிங் டயர். சத்தம் குறைவு, நீண்ட நாள் உழைக்கும், விலை தாழ்வு. குடும்ப செடானுக்கு நல்லது. நல்ல டூரிங் டயர் மழையில் ட்ராக் டயரைவிட நூறு மடங்கு நிம்மதி தரும். ஆனால் சுவர் மென்மை. பவர் அதிகமுள்ள காரில் வளைவில் குழைகிற மாதிரி இருக்கும். அத்தோடு உங்கள் வேக எழுத்துக்கு அதில் கிடைப்பதும் அரிது.

மலிவாக ஒரு நான்காவது ரகமும் காட்டுவார்கள். பெயரை வாசிக்கவே நேரமெடுக்கும் கம்பெனி. ட்ரெட் வடிவம் மட்டும் பெரிய கம்பெனி டயரை அச்சடித்தாற்போல இருக்கும். பள்ளத்தைக் காப்பியடிக்கலாம், ரப்பர் கலவையைக் காப்பியடிக்க முடியாது.

வடிவம் பற்றி ஒரு வார்த்தை. வி எழுத்துபோல வரியோடும் டயருக்குச் சுழலும் திசை உண்டு. நீரை நன்றாகத் தள்ளும். இரண்டு பாதியும் வேறுவேறாக இருக்கும் அசிமெட்ரிக் டயருக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் உண்டு. உள்பாதி நீருக்கு, வெளிப்பாதி வளைவுக்கு என்று பிரித்திருப்பார்கள். எது மேல் என்று நண்பர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். நீங்கள் அதில் இறங்க வேண்டாம். இரண்டிலும் நல்லது இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது.

4. பக்கச் சுவர் எழுத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

டயரில் அமெரிக்கத் தர அளவு அச்சாகியிருக்கும். ட்ரெட்வேர் என்று தேய்மானத்தைக் காட்டும் ஓர் எண், டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி-யில் ஒன்று, டெம்பரேச்சர் என்று ஏ, பி, சி-யில் ஒன்று. டிராக்‌ஷனில் ஏஏ பார்த்ததும் "மழைக்கு முதல் தரம்" என்று துள்ளாதீர்கள். நான் துள்ளினேன். நனைத்த தார், நனைத்த கான்கிரீட்டில் நேராகப் போய் பிரேக் பிடித்து எடுக்கும் மதிப்பு அது. வளைவு அதில் இல்லை, தேங்கிய நீரும் இல்லை. பைலட் ஸ்போர்ட் 4 எஸ்-க்கும் ஏஏ, ட்ராக் டயரான கப் 2-க்கும் ஏஏ. முன்னதன் ட்ரெட்வேர் 300, பின்னதன் 180. மழைக்கு டயர் தேடுபவருக்கு, ஏஏ-வைவிட இந்த ட்ரெட்வேர் எண்தான் அதிகம் பேசும்: 200-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால் பெரும்பாலும் ட்ராக் ரகம், தள்ளிவையுங்கள்.

ஐரோப்பிய லேபிள் இன்னும் உபயோகம். 2021 மே முதல் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் ஈ வரை தரம் போடுகிறார்கள். மழை மேகமும் டயரும் வரைந்த படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து அது. உங்களுக்கு ஏ, குறைந்தது பி. இங்கே விற்கும் டயரில் பெரும்பாலும் அந்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்காது. ஆனால் அதே மாடல், அதே அளவு ஐரோப்பாவில் விற்றால் அதன் லேபிளை இணையத்தில் பார்த்துவிடலாம். அளவு மாறினால் தரமும் மாறும். மாடல் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள்.

5. எவ்வளவு ஆகும்

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். உங்கள் அளவுக்கும் ஊருக்கும் கூடலாம், குறையலாம்.

முன் டயர் இரண்டு, ஒன்று ரூ.17,500. பின் டயர் இரண்டு, ஒன்று ரூ.23,500. ஆக ரூ.82,000, வரி சேர்த்து. வீல் அலைன்மென்ட் ரூ.1,800. பேலன்சிங் சக்கரத்துக்கு ரூ.250, மொத்தம் ரூ.1,000. புது வால்வு நான்கு ரூ.400. கூட்டினால் ரூ.85,200. கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும் தனி.

பேரம் பேசலாம். நான்கும் ஒரே இடத்தில் எடுத்தால் அலைன்மென்டையாவது இலவசமாகக் கேளுங்கள். வரியைக் கவனியுங்கள்: கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பழைய விலைப் பட்டியலை நீட்டுகிறவர்கள் இருக்கக்கூடும்.

காசு பத்தவில்லை என்றால் பின்னால் மட்டும் இரண்டு புதிது போடலாமா? ஒரே அச்சில் இரண்டும் ஒரே டயராக இருந்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். புதிய ஜோடி பின்னால்தான் போக வேண்டும், முன்சக்கர ஓட்டக் காராக இருந்தாலும். முன்பக்கம் வழுக்கினால் வேகம் குறைந்ததும் பிடி திரும்பிவிடும். பின்பக்கம் போனால் கார் பம்பரம். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி என்று கலப்பதை மழைக்காலம் தாண்டி நீட்டிக்காதீர்கள்.

நைட்ரஜனுக்குக் காசு கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தப் பணத்துக்கு டீ குடியுங்கள்.

6. ஆகஸ்டில் தேடத் தொடங்குங்கள்

எம்.ஆர்.எஃப்., அப்போலோ, ஜே.கே., மிஷெலின், சியட் என்று சென்னையைச் சுற்றி டயர் தொழிற்சாலைகளாக நிற்கின்றன. இருந்தும் 255/35 ஆர்18-ல் நல்ல டயர் இரண்டு கிடைக்க நாய்படாத பாடு. இந்த அளவுகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. 2020 ஜூனிலிருந்து கார் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆகவே சரக்கு தவணை தவணையாக வருகிறது. ஒரு தவணை தீர்ந்தால் அடுத்தது எப்போது என்று டீலருக்கே தெரியாது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரம் ஒட்டித் தொடங்கும். பின்னோக்கி எண்ணுங்கள். ஆகஸ்ட் முதல் வாரம் டயரைப் பரிசோதித்து அளவை எழுதுங்கள். அந்த மாதத்துக்குள் மூன்று நான்கு டீலரிடம் கேட்டு, எழுத்தில் விலை வாங்குங்கள். செப்டம்பர் நடுவில் மாட்டிவிட்டால், மழைக்கு முன் டயர் பழக ஒரு மாதம் கிடைக்கும். பெங்களூரு, கொச்சி பக்கம் இருப்பவர்களும், மலைச்சாலை ஓட்டுகிறவர்களும் ஜூன் மழையைக் கணக்கில் வைத்து ஏப்ரலிலேயே இறங்குங்கள்.

நான் அக்டோபர் கடைசியில் தேடினேன். அந்த நேரத்தில் கடைக்காரருக்குத் தெரியும், இவன் எதைக் கொடுத்தாலும் வாங்குவான் என்று.

7. கடையில்: முதலில் தேதி, பிறகு பணம்

"புது ஸ்டாக் சார், நேத்துதான் வந்துச்சு" என்று ஒரு கடையில் சொன்னார்கள். நேற்று வந்தது உண்மையாக இருக்கலாம். செய்யப்பட்டது மூன்றரை வருடம் முன்பு. நான் முன்பணம் முழுவதும் கட்டிவிட்டேன், மாட்டியும் விட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் நான்கு இலக்கம் கண்ணில் பட்டது. திருப்பிக் கொடுக்கப் பதினொரு நாள் சண்டை. பேலன்சிங், மாட்டுக்கூலி எல்லாம் போனது போனதுதான்.

ஆகவே போனில் ஆர்டர் சொல்லும்போதே, "டேட் கோடு போட்டோ அனுப்புங்க, நாலு டயருக்கும்" என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்குள் இருந்தால் கண்ணை மூடி வாங்கலாம். அரிய அளவு என்றால் ஒன்றரை வருடம்வரை நான் ஒப்புவேன், விலையைக் குறைத்தால். அதற்கு மேல் வேண்டாம். முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கொஞ்சம் மட்டும் கொடுத்து, "இந்தத் தேதிக்குப் பிந்திய டயர் இல்லையென்றால் பணம் திரும்பும்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பக்கச் சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம். முத்திரை இல்லாமல் சல்லிசாகக் கிடைக்கும் டயர் எந்த வழியில் வந்தது என்று நீங்களே யூகிக்கலாம். வாரன்டி கேட்டால் கையை விரிப்பார்கள்.

வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்:

- ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய பில். மாடல், முழு அளவு, நான்கு டயரின் வரிசை எண், வண்டி எண், கிலோமீட்டர் எல்லாம் அதில் இருக்கட்டும்.
- கம்பெனி வாரன்டி அட்டை, கடை முத்திரையோடு. ஆன்லைனில் பதிவு கேட்டால் அன்றே முடித்துவிடுங்கள். குழியில் இறங்கிச் சுவரில் முட்டை மாதிரிப் புடைத்தால் சாதாரண வாரன்டி தராது. அதற்குத் தனித்திட்டம் உண்டா என்று கேளுங்கள்.
- அலைன்மென்ட் அச்சுத் தாள், செய்யும் முன், செய்தபின் இரண்டும்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில், வண்டி அடிபடாமல் டயர் மட்டும் கெட்டால் ஒரு ரூபாய் வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டாலும் டயருக்குப் பாதிதான். டயருக்கென்று தனி ஆட்-ஆன் உண்டு, புதுப்பிக்கும்போது சேர்க்கலாம். 85 ஆயிரத்துக்கு டயர் போடுகிறவர் அதை விசாரிப்பது நல்லது. தாழ்வான கார் என்றால் எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் காக்கும் ஆட்-ஆனும். வேளச்சேரிக்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கம்பெனி அனுமதிக்காத அளவு டயர் போட்டிருந்தால் கிளெய்ம் நேரத்தில் கேள்வி வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

8. மாட்டும் நாள் பக்கத்திலேயே நில்லுங்கள்

அரை நாள் ஒதுக்குங்கள். காலையில் முதல் ஆளாகப் போங்கள். சுவர் தாழ்ந்த டயரை ரிம்மில் ஏற்றப் பழகிய கையும், அதற்கான மெஷினும் உள்ள கடையாக இருக்கட்டும். அலாய் ரிம் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் அப்புறம் பேசிப் பயனில்லை.

திசை அம்புக்குறியும், அவுட்சைட் என்ற எழுத்தும் சரியாக இருக்கிறதா என்று நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து பாருங்கள். தலைகீழாக மாட்டினால் நீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளம் உள்ளே இழுக்கும். அனுபவமுள்ளவர்களும் சிலநேரம் தவறுகிறார்கள், கூட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில்.

அலைன்மென்ட் பார்ப்பவரிடம், "எல்லாம் கிரீன் வந்தாச்சு சார்" என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். மெஷின் திரையில் எண்கள் பச்சைக்குள் இருந்தாலும், பின்சக்கர டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பின்சக்கரம் சரியில்லை என்றால் எண்பதாயிரமும் ஒரே வருடத்தில் உள்ளோரத்தில் கரையும். என் காரில் கரைந்த காரணமும் அதுவே. பின்பக்க சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் ஒன்று போயிருந்தது. அதை மாற்றாமல் அலைன்மென்ட் நிற்காது என்று இரண்டாவது கடையில்தான் சொன்னார்கள்.

போல்ட்டை ஏர் கன்னால் கடகடவென்று இறுக்கி அனுப்பிவிடுவார்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடிக்கச் சொல்லுங்கள். என் காருக்கு 120 நியூட்டன் மீட்டர். உங்களுடையது கையேட்டில் இருக்கும். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள். காற்றழுத்த எச்சரிக்கை இருந்தால் ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.

9. காற்று, முதல் 300 கிலோமீட்டர், முதல் மழை

புது டயரின் மேல், வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு இருக்கும். முதல் 300 கி.மீ. மிதமாக ஓட்டுங்கள். மழைக்கு முன்னால் மாட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்று, டயர் ஆறியிருக்கும்போது, கதவுத் தூணில் எழுதிய அளவு. மழைக்குக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. மணலில் வேண்டுமானால் சரி. தேங்கிய நீரில் தப்பு. விமான டயரை வைத்து நாசா கண்டுபிடித்த ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், ட்ரெட் உதவாத அளவு நீர் நிற்கும்போது டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் வரும். 36 பி.எஸ்.ஐ. என்றால் 100. அதுவே 25-க்கு இறங்கிவிட்டால் 83. உங்கள் காரில் இந்த எண் அப்படியே பொருந்தாது. காற்று குறையக் குறைய மிதப்பது சீக்கிரம் வரும் என்பது மட்டும் பொருந்தும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சொந்தக் கேஜால் பாருங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

பல நாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில், முதல் அரைமணி நேரம் எந்த டயரும் வேலைக்காகாது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சோப்பாகக் குழைந்து நிற்கும். டீக்கடையில் நிறுத்திவிடுங்கள்.

மிதக்கத் தொடங்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் மழையில் வேண்டவே வேண்டாம்.

10. பழைய டயரை என்ன செய்வது

கடையில் ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். "வெளிப்பக்கம் நல்லாத்தானே இருக்கு சார், யாராச்சும் எடுத்துப்பாங்க."

இரண்டாயிரம் ரூபாயை விட்டுவிட்டு, நான்கின் பக்கச் சுவரையும் என் கண்முன்னால் கத்தியால் கீறச் சொன்னேன். பையன் முதலாளியைப் பார்த்தான், முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு கீறினான்.